சிலுப்பியும் நூகாவும் துஷ்யந்தனும்

துஷ்யந்தன் பாரிசில், லா சப்பலில் ஒரு தமிழ் உணவகத்தில் சமையலாளனாக இருந்தான். அவன் போடும் கொத்துரொட்டியைத் தின்பதற்கென்றே சனி ஞாயிறுகளில் கார்ஜ், சார்செல் புறநகர்ப் பக்கமிருந்து குடும்பங்கள் ரயிலேறி வரும். நல்ல வேலைக்காரன், அதிகம் பேசமாட்டான். பேச்செல்லாம் ஒரு ஆளுக்காக எடுத்துவைத்திருக்கிறான் என்று உணவகத்தில் பகிடி பண்ணுவார்கள். அந்த ஆள் ஊரில் இருந்த மனைவி வசந்தரூபி. வீட்டில் எல்லோருக்கும் ரூபி.

இரண்டு பேரும் கிளிநொச்சியில் 2008இல் கல்யாணம் செய்தவர்கள். ஒரு வருடம்கூடச் சேர்ந்திருக்கவில்லை. சண்டை நெருங்கி, சனம் மூட்டை முடிச்சுகளோடு கடற்கரைப் பக்கம் நகர நகர, அவர்களும் நகர்ந்தார்கள். கடைசியில் இராணுவப் பக்கம் வந்தபோது அவனை வேறாகப் பிரித்துக் கொண்டுபோனார்கள். அவள் தாயோடு செட்டிகுளம் முகாமுக்குப் போனாள். அவன் வெளியே விடப்பட்டதும் உறவினர்கள் அவனை நாட்டில் நிற்கவிடவில்லை. எப்படியோ பாரிஸ் வந்து சேர்ந்தான். அகதி விண்ணப்பம் ஒருமுறை மறுக்கப்பட்டு, மேன்முறையீட்டில் கிடைத்து, பிறகு மனைவியைக் கூப்பிட விண்ணப்பித்து, அதற்கும் காத்திருந்து, ரூபி வந்திறங்கும்போது 2017 ஒக்டோபர் ஆகிவிட்டது.

இடைப்பட்ட காலம் முழுக்கத் தொலைபேசிதான். சாப்பிட்டியா, அம்மாவுக்கு எப்படி, மழை பெய்ததா. ஒரு விஷயத்தை மட்டும் அவன் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறான். ரூபியின் தங்கை லக்சிகா கடைசிச் சண்டையில், மாத்தளனில் இறந்துபோனாள். அவன் அரிசி தேடிப் போயிருந்த நேரம் அது நடந்தது, அடுத்தநாளே அவர்கள் பிரிக்கப்பட்டார்கள், எப்படி என்று அவனுக்குத் தெரியாது. கேட்டால் ரூபி, "நேரிலை சொல்லுறன்" என்பாள். நேரில் வந்தபிறகு அவன் கேட்கவில்லை. அவளாகச் சொல்லட்டும் என்று விட்டான்.

அவள் சொல்லவில்லை. எதையுமே அதிகம் சொல்லவில்லை. விமானநிலையத்தில் அவனைக் கண்டதும் சிரித்தாள், ஆனால் அது ஒன்றுவிட்ட அண்ணனைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. பிலிப் து ஜிரார் வீதியில், மூன்றாம் மாடியில், ஒரு அறையும் குசினியும் கொண்ட வீடு. அவன் வாங்கி வைத்திருந்த தடித்த குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு, சூடாக்கியின் பக்கத்தில் கதிரையை இழுத்து வைத்து, யன்னலால் உள்முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவன் கேட்டதற்குப் பதில் சொல்வாள். "ஓம்." "இல்லை." "உங்கடை விருப்பம்." பழகப் பழகச் சரிவரும் என்று உணவக முதலாளி இரத்தினம் அண்ணை சொன்னார். துஷ்யந்தனும் அப்படித்தான் நம்பினான்.

டிசம்பர் தொடக்கத்தில் ரூபி ஒரு பூனைக்குட்டியைக் கொண்டுவந்தாள். மரக்கறிக்கடைக்குப் பின்னால் வெறும் பெட்டிகள் அடுக்கியிருந்த இடத்தில், நனைந்துபோய்க் கத்திக்கொண்டிருந்ததாம். சாம்பல் நிறம். உள்ளங்கைக்குள் அடங்கும். யாரைப் பார்த்தாலும் உடம்பு மயிரையெல்லாம் சிலிர்த்துக்கொண்டு நின்றது. அதனால் சிலுப்பி என்று பெயர் வைத்தாள். துஷ்யந்தன் மறுக்கவில்லை. நாள் முழுக்கத் தனியே இருக்கிறாள், பொழுதுபோகும் என்று நினைத்தான். உணவகத்திலிருந்து மீன்தலை கொண்டுவந்து அவித்தும் கொடுத்தான்.

அவனுக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம் முடிந்து மாலை தொடங்கும்வரை ஓய்வு. முன்பு அந்த நேரத்தை உணவகத்தின் பின்பக்கத்திலேயே கழித்துவிடுவான். ரூபி வந்தபிறகு ஓடி ஓடி வீட்டுக்கு வருவான். ஒருநாள் அப்படி வந்தபோது, கதவைத் திறக்கத் திறப்பை எடுத்தவனுக்கு உள்ளே பேச்சுக்குரல் கேட்டது. யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்தான். வந்தவர் குரல் கேட்கவில்லை. ரூபியின் குரல் மட்டும் கேட்டது. தடங்கலில்லாமல், ஏறி இறங்கி, இடையில் ஒரு சிரிப்போடு. கல்யாணம் செய்த புதிதில் கேட்ட குரல்.

"லக்சிகாவும் உன்னை மாதிரித்தானடி. பாலைக் குடிச்சிட்டு வாயைத் துடையாமல் அப்பிடியே திரிவாள். அம்மா ஏசினால் என்ரை முதுகுக்குப் பின்னாலை வந்து நிப்பாள்." பிறகு குரல் தணிந்தது. "அண்டைக்கும் வந்து நிண்டவள். நான்தான் போய்த் தண்ணி எடுத்துக்கொண்டு வா எண்டு அனுப்பினனான்."

துஷ்யந்தன் திறப்பைப் பொத்திப் பிடித்துக்கொண்டு நின்றான். மேல்மாடிக்காரப் பெண் ஒருத்தி பொன்ஜூர் சொல்லிக்கொண்டு தாண்டிப் போனாள். அத்தனை வருடம் தொலைபேசியில் கேட்டுக் கிடைக்காததை, இன்னும் பால்பல் விழாத ஒரு பூனைக்குட்டி மடியில் கிடந்தபடி கேட்டுக்கொண்டிருக்கிறது. ரூபிக்காக அவனுக்கு அழுகை வந்தது. அதே மூச்சில் பூனையில் எரிச்சலும் வந்தது. அந்த எரிச்சல் அவனை வெட்கப்படுத்தியது. வெட்கப்பட்டதால் அது குறைந்துவிடவில்லை.

கதவைத் தட்டிவிட்டுத் திறந்தான். பேச்சு நின்றது. "வந்திட்டீங்களோ, தேத்தண்ணி வைக்கட்டோ" என்றாள் ரூபி. பூனை மடியிலிருந்து இறங்கவில்லை.

அன்றிலிருந்து அவன் படியேறும்போது சத்தமில்லாமல் ஏறப் பழகினான். கதவடியில் நின்று கேட்பான். எல்லா நாளும் பெரிய கதையில்லை. அடுத்த தெருவில் கண்ட சட்டையின் நிறம், பிரெஞ்சு வகுப்பில் வாயில் நுழையாத ஒரு சொல், அவன் வைத்த குழம்பில் புளி கூடிப்போனது. அந்தப் புளி விஷயத்தைக்கூட அவனிடம் சொல்லவில்லை, பூனையிடம்தான் சொன்னாள். அடுத்தநாள் அவன் புளியைக் குறைத்தான். அவள் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள்.

நத்தார்ப் பண்டிகை கழிந்ததும் கீழ்வீட்டுக்கு ஒரு நாய்க்குட்டி வந்தது. கீழ்த்தளத்தில் ரொபேர் என்ற வயதானவர் தனியே இருந்தார். ரயில்வேயில் வேலைசெய்து ஓய்வுபெற்றவர், மனைவி இறந்து சில காலம். அப்பா தனியே இருக்கிறார் என்று மகள் கொண்டுவந்து விட்ட குட்டி அது. தேன் நிறம், அளவுக்கு மீறிய காதுகள். அங்கே நத்தாருக்குத் தின்கிற நூகா இனிப்பின் பெயரையே அதற்கு வைத்திருந்தார்.

ஒருநாள் ரூபி குப்பை போடக் கதவைத் திறந்த நேரம் சிலுப்பி படியால் இறங்கி ஓடிவிட்டது. அவள் பின்னால் ஓடினாள். கீழே ரொபேரின் கதவு திறந்திருந்தது. சிலுப்பி மயிரையெல்லாம் சிலிர்த்துக்கொண்டு வளைந்து நிற்க, எதிரே நூகா தன் காதுகளைத் தானே மிதித்து விழுந்து எழும்பிக்கொண்டிருந்தது. சண்டை வரப்போகிறது என்று ரூபி பயந்தாள். நாய்க்குட்டி மல்லாக்கக் கிடந்து வயிற்றைக் காட்டியது. சிலுப்பி கிட்டப் போய் அதன் மூக்கில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அதன் வயிற்றிலேயே ஏறிப் படுத்தது. இதையெல்லாம் ரூபி கணவனிடம் சொல்லவில்லை. அடுத்தநாள் ஓய்வு நேரத்தில் வந்தவன் வீட்டில் அவளைக் காணாமல் தேடிக் கீழே போனபோது, ரொபேர் முதல்நாள் நடந்ததைக் கைகளைக் காதாக ஆட்டி நடித்துக்காட்டினார். பக்கத்தில் ரூபி சிரித்துக்கொண்டு நின்றாள்.

அதன்பிறகு ரூபியின் மாலைப்பொழுதெல்லாம் கீழ்வீட்டில் கழிந்தது. இரண்டு குட்டிகளும் சூடாக்கிக்கு முன்னால் ஒன்றுக்குள் ஒன்று சுருண்டு நித்திரை கொள்ளும். எழும்பினால் கட்டிலுக்கடியில் துரத்தி விளையாடும். ரொபேர் கோப்பி போட்டுக் கொடுப்பார், பொருட்களைத் தொட்டுத் தொட்டுப் பெயர் சொல்வார். ரூபி திருப்பிச் சொல்வாள். வகுப்பில் வராத பிரெஞ்சு அங்கே வந்தது. துஷ்யந்தன் இதை நன்மை என்றுதான் எடுத்திருக்க வேண்டும். ரொபேருக்கு எழுபது கடந்திருந்தது, ரூபியைத் தன் மகளைப் போல்தான் நடத்தினார். எல்லாம் அவனுக்குத் தெரியும். என்றாலும் படியிறங்கும்போது அந்தக் கதவுக்குப் பின்னால் அவளுடைய சிரிப்புக் கேட்டால் நெஞ்சுக்குள் மிளகாய் அரைத்த மாதிரி இருக்கும். ஒருநாள் உணவகத்தில் கொத்துரொட்டியை அவன் கொத்திய வேகத்தைப் பார்த்து, "தம்பி, தகடு ஓட்டையாகப் போகுது" என்றார் இரத்தினம் அண்ணை.

பெப்ரவரியில் பனி கொட்டியது. பாரிசில் அப்படிக் கொட்டுவது அரிது. உள்முற்றம் ஒரே வெள்ளை. அன்று துஷ்யந்தனுக்கு வேலை பிந்தித் தொடங்கியது. மூன்றாம் மாடி யன்னலில் நின்று பார்த்தான். நூகா பனிக்குள் பாய்ந்து, காதுவரை புதைந்து, பயந்து குரைத்தது. சிலுப்பி படிக்கட்டில் நின்றபடி ஒரு காலை வைத்துப் பார்த்தது, இழுத்தது, உதறியது, மறுபடி வைத்தது. பிறகு நாய் போட்ட பள்ளத்தின் வழியே ஒரே ஓட்டமாய் ஓடிப்போய் அதன் வயிற்றுக்கடியில் நுழைந்துகொண்டது. ரூபியும் பனியை முதன்முதலாக அன்றுதான் தொட்டாள். கையில் அள்ளி, முகர்ந்து, ரொபேர் பார்க்காத நேரம் அவர் தொப்பியில் போட்டாள். துஷ்யந்தனுக்கு முதல் பனி எட்டு வருடத்துக்கு முன்னர், பாரிசின் ஸ்ராலின்கிராட் மெட்ரோப் பாலத்துக்கடியில். ரூபி வந்தால் இரண்டு பேருமாகப் பனி பார்ப்போம் என்று தொலைபேசியில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். அவள் மேலே பார்ப்பாளா என்று யன்னலில் காத்து நின்றான். கண்ணாடி அவன் மூச்சில் மங்கிப்போனது.

மார்ச் கடைசியில் குளிர் விட்டது. ஒரு நாள் காலை யன்னலைத் திறந்தால் காற்று முகத்தைக் கடிக்கவில்லை. முற்றத்து மூலையில் காய்ந்த குச்சியாக நின்ற லிலாப் பூமரத்தில் பச்சை முளை விட்டிருந்தது. குளிரில் பிறந்து குளிரிலேயே வளர்ந்த அந்த இரண்டு குட்டிகளுக்கும் இதெல்லாம் புதிது. முற்றத்தில் விழுந்த வெயில் துண்டை நூகா முகர்ந்து முகர்ந்து பார்த்தது, அது நகர நகரத் தானும் நகர்ந்து படுத்தது. ஒரு தேனீயைப் பார்த்துக் குரைத்துவிட்டு, அது திரும்பி வரவும் ரொபேரின் காலுக்குள் ஒளிந்தது. சிலுப்பி லிலா மரத்தில் ஏறி, தளிர் ஒன்றைக் கடித்துப் பார்த்துத் துப்பியது. இறங்கத் தெரியவில்லை. கீழே நின்று நூகா அழுதது. ரூபி கதிரையில் ஏறி அதை எடுத்துவிட்டாள். தடித்த குளிர்ச்சட்டையைக் கழற்றிப் போட்டிருந்தாள். தலைமயிரை அவிழ்த்து வெயிலில் விட்டிருந்தாள். அவளை அப்படிப் பார்த்து எத்தனை காலம்.

குளிர்காலத்தில் எல்லாம் கதவுக்குப் பின்னால் நடந்தது. இப்போது யன்னலடிக்குப் போனாலே தெரிந்தது. அவள், கிழவர், இரண்டு குட்டிகள். தான் இல்லாமல் ஒரு குடும்பம் நிறைந்து நிற்பதாக அவனுக்குப் பட்டது. பூனைதான் வேர் என்று நினைத்தான். பூனை இல்லாவிட்டால் கீழ்வீடு இல்லை, கிழவர் இல்லை, நாய் இல்லை. மேல்வீட்டில் அவர்கள் இரண்டு பேர். பேசுவதற்கு அவளுக்கு அவனைத் தவிர யாரும் இருக்கப்போவதில்லை.

ரூபி வகுப்புக்குப் போயிருந்த ஒரு பிற்பகல், முருங்கைக்காய் வந்த காகிதப் பெட்டியொன்றுக்குள் சிலுப்பியை வைத்து மூடினான். கார் து நோர் ரயில்நிலையத்துக்கு நடந்துபோய் ரயிலேறினான். கார்ஜ் லே கொனெஸில் ஊரிலிருந்து அவனோடு பயணம் வந்த கூட்டாளி பாலச்சந்திரன் குடும்பத்தோடு இருந்தான். எலித்தொல்லை என்று முறையிட்டுக்கொண்டிருந்தவன். வீட்டுக்காரர் பூனை வைக்க விடமாட்டேன் என்கிறார் என்று துஷ்யந்தன் சொன்னான். பாலச்சந்திரனின் மனைவி கஜந்தினி பெட்டியைத் திறந்து, ஐயோ பாவம் என்று தூக்கிக்கொண்டாள். பூனை அவளையும் பார்த்துச் சிலிர்த்தது.

ரூபியிடம், கதவைத் திறந்த நேரம் ஓடிவிட்டது, தெருவெல்லாம் தேடினேன், காணவில்லை என்றான். அவள் செருப்போடு படியிறங்கி ஓடினாள். மரக்கறிக்கடைப் பின்பக்கம், ரயில் பாதை ஓரம், நிறுத்தியிருந்த கார்களின் அடி எல்லாம் தேடினாள். துஷ்யந்தனும் கூடத் தேடினான். இல்லாத இடத்தில் இல்லாததைக் கூப்பிட்டுக்கொண்டு நடந்தான். ரொபேர் பேக்கரிக் கண்ணாடியில் பூனையின் படம் ஒட்டினார்.

அவன் நினைத்தது நடக்கவில்லை. ரூபி அவனோடு பேச வரவில்லை. கதிரையை மறுபடி யன்னலடியில் போட்டாள். வெளியே வெயில் எறித்தது, அவள் குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தாள். ஓம், இல்லை என்பதும் குறைந்து தலையாட்டல் ஆனது. நூகா மூன்று மாடி ஏறிவந்து அவர்கள் கதவடியில் படுத்துக்கிடந்தது. ரொபேர் தூக்கிக்கொண்டு போனால் திரும்ப ஏறி வரும். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் துஷ்யந்தன் அதைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது. அது தலையைத் தூக்கி அவன் காற்சட்டையை முகர்ந்து பார்க்கும். அவன் நடையை எட்டிப் போடுவான்.

சில நாட்கள் கழித்து ஓய்வு நேரத்தில் படியேறி வந்தவனுக்கு உள்ளே ரூபியின் குரல் கேட்டது. பூனை திரும்பி வந்துவிட்டதோ? கதவு சாத்தப்படாமல் இருந்தது. இடுக்கால் பார்த்தான். ரூபி நிலத்தில் இருந்தாள். நூகாவின் தலை அவள் மடியில் கிடந்தது. பிரெஞ்சு கேட்டு வளர்ந்த நாய்க்கு அவள் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள், சிலுப்பி எப்படி முதல்நாள் அவள் சட்டைக் கைக்குள் புகுந்து படுத்தது என்று. நாய் காதை ஆட்டி ஆட்டிக் கேட்டது. துஷ்யந்தனுக்குப் பூனைமேல் இருந்த பொறாமை ஒரு குறையும் இல்லாமல் நாய்க்கு இடம் மாறியது. மாறிய கையோடு ஒன்று விளங்கியது. இந்த நாயையும் கொண்டுபோய் எங்காவது விடலாம். அதன்பிறகு அவள் லிலா மரத்தோடு பேசுவாள். மரத்தை வெட்டினால் சுவரோடு பேசுவாள்.

அன்று மாலையே பாலச்சந்திரன் தொலைபேசி எடுத்தான். மன்னிக்கச் சொன்னான். கஜந்தினி வெயிலுக்குப் பல்கனிக் கதவைத் திறந்து வைத்தாளாம், முதலாம் மாடிதானே, பூனை பாய்ந்து போய்விட்டது, முந்தாநாளிலிருந்து காணவில்லை.

அடுத்தநாள் துஷ்யந்தன் வேலைக்கு வரமுடியாது என்று சொல்லிவிட்டுக் கார்ஜுக்குப் போனான். அந்த வசந்தத்தில் ரயில்காரர்கள் விட்டு விட்டு வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். ரயிலுக்கு வெகுநேரம் நின்றான். அடுக்குமாடிகளுக்கு நடுவே புதர், குப்பைத்தொட்டி, கார் நிறுத்துமிடம் என்று குனிந்து குனிந்து சிலுப்பி, சிலுப்பி என்று கூப்பிட்டான். அந்தப் பெயரை அவன் வாயால் அதிகம் கூப்பிட்டதேயில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவனுடைய குரலுக்கு அது ஏன் வரவேண்டும்?

பொழுதுபட முன் வீட்டுக்கு வந்தான். ரூபி யன்னலடியில் இருந்தாள். சப்பாத்தைக் கழற்றாமலே நின்றபடி சொன்னான். "பூனை ஓடேல்லை. நான்தான் கொண்டுபோய் பாலச்சந்திரன் வீட்டிலை விட்டனான். இப்ப அங்கையிருந்தும் ஓடிட்டுது."

அவள் திரும்பிப் பார்த்தாள். ஏன் என்று கேட்பாள் என்று காத்து நின்றான். கேட்டால் என்ன சொல்வதென்று ரயிலில் நெடுக யோசித்து வந்திருந்தான். அவள் கேட்டது வேறு.

"எந்த இடம்?"

"கார்ஜ்."

எழுந்து சப்பாத்தைப் போட்டாள். இப்போது போனால் இருட்டிவிடும், ரயிலும் குறைவு, காலையில் போகலாம் என்று அவன் கெஞ்சினான். அவள் சப்பாத்தைக் கழற்றவில்லை, ஆனால் கதிரையில் இருந்தாள். விடியும்வரை அப்படியே இருந்தாள்.

காலையில் ரொபேரின் கதவைத் தட்டினாள். அவர் திறந்ததும் துஷ்யந்தனைக் காட்டி, "எனக்கு அவ்வளவு பிரெஞ்சு வராது. நீங்களே சொல்லுங்கோ" என்றாள். அவன் நின்று சொன்னான். தன் குற்றத்தைத் தானே மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. பெட்டிக்குப் பிரெஞ்சில் என்ன சொல் என்பதுகூட அந்த நேரம் மறந்துபோனது. ரொபேர் எல்லாம் கேட்டுவிட்டு ஒரேயொரு சொல்லைக் கேள்வியாகக் கேட்டார்.

"ஜலூ?"

பொறாமையா என்றுதான் கேட்டார். துஷ்யந்தன் ரூபியைப் பார்த்தான். அந்தச் சொல்லை அவள் இன்னும் படித்திருக்கவில்லை.

"வி" என்றான். ஆமென்று.

கிழவர் நாய்ப்பட்டியை எடுத்தார். பூனை தேடப் போவதென்றால் நூகாவையும் கூட்டிப்போக வேண்டும், அதன் மூக்கை நம்பலாம் என்றார். நூகாவுக்கு அது முதல் ரயில். பைக்குள் இருந்து தலையை மட்டும் நீட்டி, நெரிசலில் நடுங்கிக்கொண்டு வந்தது. ரூபி கையை அதன் தலையில் வைத்திருந்தாள். நாயோடு நால்வரும் நின்ற இடத்தில் துஷ்யந்தனைத்தான் யாரும் பார்க்கவில்லை.

கார்ஜில் செரி மரங்கள் பூத்திருந்தன. கார்களின் மேலெல்லாம் இளஞ்சிவப்பு இதழ் கொட்டியிருந்தது. ரூபி பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு முன்னால் போனாள். நூகாவின் மூக்கில் வைத்த நம்பிக்கை வீணாய்ப் போனது. அதற்கு அத்தனை புல்லை ஒன்றாகக் கண்டதே முதல்முறை, எல்லாவற்றையும் முகர்ந்தது, பூனையைத் தவிர. ஒரு கறுப்பு வெள்ளைப் பறவையைத் துரத்தப் பாய்ந்து பட்டியில் இழுபட்டு விழுந்தது. விழுந்த கோபத்தில் குரைத்தது. நீளமாக, குட்டிக் குரலில், திரும்பத் திரும்ப.

அந்தக் குரைப்புக்குத்தான் பதில் வந்தது. கட்டிடமொன்றின் நிலக்கீழ் அறைக்குக் காற்றுப் போகும் கம்பித் துவாரத்திலிருந்து ஒரு மெல்லிய கத்தல். பிறகு தூசியும் எண்ணெயும் அப்பிய ஒரு தலை. ரூபி ஓடிப்போய் முழங்காலில் இருந்து இரண்டு கையையும் நீட்டினாள். "வாடி, வா, என்ரை குஞ்செல்லே." சிலுப்பி கம்பிக்குள்ளால் நெளிந்து வெளியே வந்தது. நீட்டிய கைகளை ஒரு கணம் பார்த்தது. பிறகு அவற்றைத் தாண்டி ஒரே ஓட்டமாய் ஓடி நூகாவின் கழுத்துக்கடியில் தலையை முட்டிக்கொண்டு நின்றது. நாய் அதை முகம் முழுக்க நக்கியது. இரண்டும் செரி இதழ்களுக்குள் உருண்டன.

ரூபியின் கைகள் நீட்டியபடியே இருந்தன.

"என்னட்டை வரேல்லை" என்றாள்.

துஷ்யந்தன் அவள் முகத்தைப் பார்த்தான். உதடு ஒரு பக்கம் இழுபட்டிருந்தது. கண் இரண்டும் அந்த நாய்க்குட்டியில் நட்டபடி நின்றன. சந்தோஷம்தான், ஆனால் நடுவில் ஒரு முள். அந்த முகத்தை அவனுக்கு நன்றாகத் தெரியும். அவனும் அவள் பக்கத்தில் முழங்காலில் இருந்தான்.

"எனக்கும் உப்பிடித்தான் இருந்தது" என்றான். "நத்தாருக்கு முன்னமிருந்தே."

அவள் விளங்காமல் பார்த்தாள். "கதவுக்கு வெளியிலை நிண்டு கேட்டனான். நீர் அதோடை கதைக்கிறதை. என்னோடை கதைக்காததையெல்லாம்."

ரூபிக்கு முதலில் கோபம் வந்தது. ஒளித்து நின்று கேட்டீர்களா என்கிற கோபம். பிறகு பூனையைப் பார்த்தாள், நாயைப் பார்த்தாள், செரிப் பூவுக்குள் முழங்காலில் இருக்கிற கணவனைப் பார்த்தாள். "ஒரு பூனைக்குட்டியிலையோ?" என்றாள். "ஓம்" என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. நிறுத்தப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்தபடியே அவன் தோளில் ஓங்கி ஒரு அடி போட்டாள். அது விளையாட்டு அடியில்லை, சில நாள் நொந்தது.

திரும்பி வரும் ரயிலில் பூனையும் நாயும் ஒரே பைக்குள் நித்திரை. ரூபி பையை மடியில் வைத்துக்கொண்டு, ரொபேருக்கு விளங்காத மொழியில், குரலை உயர்த்தாமல் சொன்னாள். "என்ரை பக்கத்திலை இருந்து எத்தினையோ பேரைக் கொண்டு போய்ட்டாங்கள். நீங்களும் அந்த வேலை செய்யாதேங்கோ."

லக்சிகாவின் கதையை அவள் அவனுக்குச் சொன்னது மே மாதத்தில். லிலா பூத்து முற்றமெல்லாம் மணந்த ஒரு ஓய்வு நேரம். அவன் கதவடியில் நிற்காமல் நேரே உள்ளே வந்து நிலத்தில் இருந்தான். பூனை அவள் மடியில் கிடந்தது. அவள் கண் பூனையில்தான் இருந்தது, கை அதன் முதுகைத் தடவியது. ஆனால் லக்சிகா கொண்டுபோன தண்ணீர்க்கானின் நிறத்திலிருந்து கடைசிவரை நிறுத்தாமல் சொன்னாள். முடிந்தபிறகு, தன்னைப் பிரித்துக் கொண்டுபோன இடத்தில் நடந்தவற்றை அவனும் சொன்னான். அவன் அதை யாருக்கும், பூனைக்கும் நாய்க்கும்கூட, சொன்னதில்லை. மாலை வேலைக்கு அன்று பிந்திப் போனான்.

பொறாமை போய்விட்டது என்று சொன்னால் பொய். இப்போதும் ரூபி அவனை விட நல்ல பிரெஞ்சு பேசுகிறாள், அதில் கொஞ்சம் எரிகிறது. பக்கத்துப் பாடசாலையின் சாப்பாட்டுக்கூடத்தில் வேலை செய்கிறாள். அங்கே நீக்கிலாஸ் என்றொரு சமையற்காரன் நன்றாகக் கேக் செய்வானாம் என்று அவள் ஒருநாள் சொல்ல, துஷ்யந்தன் அந்தக் கிழமை முழுக்கக் கேக் செய்து பழகினான். நல்லாய் வரவில்லை. ரூபி அதைத் தின்றுகொண்டே, நீக்கிலாசுக்கு வயது என்ன, பிள்ளைகள் எத்தனை என்று கேட்க வேண்டியதுதானே, ஏன் மாவை வீணாக்குகிறீர்கள் என்றாள். இப்போதெல்லாம் அவன் கேட்டுவிடுகிறான்.

2020 முடிகிற நேரம் அவர்களுக்கு ஒரு பெண்பிள்ளை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையைக் கொண்டுவந்த அன்று சிலுப்பி கட்டிலில் ஏறி, துணிச்சுருளை முகர்ந்து பார்த்தது. குட்டியாக இருந்த காலத்தில் நின்ற மாதிரியே மயிரெல்லாம் சிலிர்த்து நின்றது. பிறகு இறங்கி, கதவடியில் போய்க் குந்தி, திறக்கச் சொல்லிக் கத்தியது. திறந்துவிட்டதும் கீழே ரொபேர் வீட்டுக்குப் போய், இப்போது பெரிய நாயாகிவிட்ட நூகாவின் முதுகில் சாய்ந்து படுத்துக்கொண்டது. சில நாட்கள் மேலே வரவேயில்லை.

ரூபி பிள்ளையை விட்டு அசைய முடியாமல் இருந்தாள். துஷ்யந்தன்தான் மீன்தலை அவித்துக் கோப்பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனான். ரொபேர் கதிரை தந்தார். அவன் கதிரையில் இருக்காமல் நிலத்தில் பூனைக்குப் பக்கத்தில் இருந்து, தமிழில், மெதுவாகப் பேசத் தொடங்கினான்.